முட்டுதா என்று கேட்டார்கள்

அடிவயிற்றில் கட்டி மாதிரி ஒன்று கைக்குத் தட்டுப்படுகிறது என்று எஸ்டேட் டிஸ்பென்சரி டாக்டர் சொன்னார். அன்று காட்டிலிருந்து நேராகப் போயிருந்தேன். காடு என்றால் எங்களுக்குத் தேயிலைதான். இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் தாளை அவிழ்த்து வாசலில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன்.

டாக்டர் சின்ன வயது. மலையாளி. தமிழ் நன்றாகப் பேசுவார். தொப்புளுக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்தினார். நிறுத்தினார். மறுபடி அழுத்தினார்.

“யூரின் போகணுமா அம்மா? போயிட்டு வந்து படுக்கிறீங்களா?”

“இல்ல சார்.”

“முட்டல?”

“இல்ல சார்.”

கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். “கெட்டியா ஒண்ணு இருக்கு. என்னன்னு கையால தொட்டுச் சொல்ல முடியாது. வயிறு முழுக்க ஒரு ஸ்கேன் பாத்திரலாம். பயப்பட வேண்டாம்.”

பயப்பட வேண்டாம் என்று யாராவது சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வரும். சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு லயத்துக்கு, எஸ்டேட் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளுக்கு, நடந்தேன்.

சூரியநெல்லிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து வெட்டுகிறவள் நான். கல்யாணத்துக்கு முந்தியே காட்டில் இறங்கிவிட்டேன். முதலில் கையால் கிள்ளினோம், இப்போது கத்திரி. படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. வீட்டுக்காரருக்குப் பேக்டரியில் வேலை. மகன் திருப்பூரில் இருக்கிறான். என் அண்ணன் பெண்டாட்டிக்கு எங்கள் லயத்திலேயே அடுத்த வீடு. காட்டிலும் எனக்கு அடுத்த வரிசையில்தான் நிற்பாள். நான் பேசாத பேச்சையும் சேர்த்து அந்த மதினியே பேசிவிடுவாள்.

கட்டி என்ற பேச்சு எங்கள் வீட்டுக்குப் புதிது இல்லை. அக்காவுக்கு வந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சேலையை ஏற்றிக் கட்டினாள், வாயுத் தொல்லை என்றாள். மறைக்க முடியாத அளவுக்கு வயிறு வந்த பிறகு தேனிக்குக் கொண்டுபோனார்கள். திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார்கள். அந்த வருஷத்து மழையை அவள் தாண்டவில்லை.

அதனால் நான் மறைக்கக் கூடாது என்று இருந்தேன். அன்று சாயங்காலமே வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்துவிட்டு, “எப்பப் போகணும்?” என்றார்.

“போன் பண்ணிக் கேக்கணும்.”

“நான் லீவு போடவா?”

“வேணாம். மதினி வாரேன்னு சொன்னா.”

அவ்வளவுதான் பேசினோம். ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

கட்டியை மறைக்கவில்லையே தவிர ஒன்றை விட்டுவிட்டேன். அடிவயிறு கனமாக இருக்கிறது, சில நாள் எரிகிறது என்று டாக்டரிடம் சொன்னேன். இருமினால் தும்மினால் சொட்டுச் சொட்டாகப் போகிறது என்பதைச் சொல்லவில்லை. ஆம்பளை டாக்டர், சின்னப் பையன், அவரிடம் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன். அது நோய் என்றும் எனக்குத் தோன்றவில்லை. வயதானால் எல்லாப் பொம்பளைக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலையில் ஒரு டம்ளர் கட்டன், அதாவது பால் இல்லாத டீ, குடித்துவிட்டு மலை ஏறுவோம். பிறகு மத்தியானம் எடை போட்டு லயத்துக்கு வரும்வரை தண்ணீர் வாயில் படாது. குடித்தால் போக வேண்டும். எங்கே போவது? தேயிலைச் செடி இடுப்பு உயரம்தான். மேல் வரிசையில் நிற்கிறவனுக்குக் கீழே இருக்கிறதெல்லாம் தெரியும். மருந்தடிக்கிற ஆம்பளைகள் எங்காவது நிற்பார்கள். ரோட்டில் டூரிஸ்ட் ஜீப்பை நிறுத்திவிட்டு எங்களைப் போட்டோ எடுக்கிறவர்கள் வேறு. மறைவு வேண்டுமென்றால் ஓடைப் பக்கம் ஏலக்காட்டுக்குள் இறங்க வேண்டும். அங்கே அட்டை கடிக்கும். சில நாள் யானை நிற்கும். ஒருத்தி இறங்கி, யானையைப் பார்த்துவிட்டு, சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். இன்றைக்கும் அவளைப் பார்த்தால் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அதன் பிறகு யாரும் இறங்குவதில்லை.

அதனால் அடக்கிக்கொள்வோம். நான் வேலைக்கு இறங்கிய புதிதில் கஷ்டமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அதன் பிறகு முட்டுவதே நின்றுவிட்டது. ‘இவளுக்குத்தான் ஒரு தொல்லையும் இல்ல’ என்று மற்றவர்கள் சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஸ்கேன் சென்டர் அடிமாலியில். மதினிதான் போன் போட்டாள். காலையில் சாப்பிடாமல் வர வேண்டும், வந்ததும், ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்னால், ஒரு லிட்டர் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும், பழைய சீட்டு எல்லாம் கொண்டுவர வேண்டும் என்றார்கள். சாப்பிட்டால் குடலில் வாயு நின்று உள்ளே இருப்பதை மறைக்குமாம். பித்தப்பையும் சுருங்கிவிடுமாம். மூத்திரப் பை நிறைந்திருந்தால் அதன் வழியாகப் பின்னால் இருக்கும் கர்ப்பப்பை தெளிவாகத் தெரியுமாம். இதெல்லாம் பிறகு எனக்குத் தெரிந்தது. அன்று காரணம் தெரியாது. சொன்னதைச் செய்தோம்.

முழுதாகச் செய்தோம் என்றும் சொல்ல முடியாது. விடியற்காலையில் எழுந்து வழக்கம்போலக் கட்டன் போட்டுக் குடித்துவிட்டேன். எங்கள் பக்கம் கட்டனை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. விரதம் இருக்கிறவர்களே குடிப்பார்கள்.

முதல் பஸ்ஸில் மூணாறுக்குப் போய், அங்கே மாறி அடிமாலிக்குப் போனோம். மதினி வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள்.

“ஏ புள்ள, ஸ்கேனுன்னா கரண்டு விடுவாகளாம்ல?”

“யாரு சொன்னா?”

“கீழ்லயத்துக்காரி. அவளுக்கு உள்ளுக்குள்ள சுட்டுச்சாம்.”

“அவளுக்கு எப்பப் பாத்தாக?”

“அவளுக்குப் பாக்கல. அவ கொழுந்தியாளுக்கு.”

“அப்ப இவளுக்கு எப்படிச் சுட்டுச்சு?”

மதினி என் தொடையில் தட்டினாள். “ஒனக்குக் கட்டி இருந்தாலும் வாய்க்கொழுப்பு கொறையல” என்றாள். பிறகு கட்டி என்று சொல்லிவிட்டோமே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சென்டரில் முதலில் பேரைப் பதிந்தார்கள். ஒரு நர்ஸ் பிள்ளை, மலையாளத்துக்காரி, சீட்டைப் பார்த்துவிட்டு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் இல்லை, கட்டன் மட்டும் என்றேன்.

“கட்டனும் வேண்டான்னு பறஞ்சதல்லே சேச்சி? பால் ஒழிச்சோ?”

“பால் இல்ல.”

“சாரமில்ல. டாக்டரோட பறயாம்.” பரவாயில்லை, டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று சொல்லி, ஒரு பெரிய பாட்டில் தண்ணீரைக் கையில் கொடுத்தாள். “இது முழுவன் குடிக்கணும். முட்டும்போ பறயணும்.”

காலை வேளையில் தண்ணீர் குடித்து எனக்குப் பழக்கமில்லை. தொண்டை ஏற்கவில்லை. மருந்து மாதிரி மடக்கு மடக்காக இறக்கினேன். காத்திருக்கும் இடத்தில் எல்லாம் பொம்பளைகள். மாசமாக இருக்கிற பிள்ளைகள் இரண்டு மூன்று பேர், ராஜாக்காட்டிலிருந்து வந்த வயதான ஒரு அம்மா. எல்லோரும் காலை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி எழுந்து நடந்தாள். ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். ராஜாக்காட்டு அம்மா, “கொஞ்சம் சீக்கிரம் விடு மோளே, இங்கயே போயிரும்” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நர்ஸ் வந்தாள். “சேச்சி, முட்டுந்துண்டோ?”

“இல்ல.”

“ஒட்டும் இல்லே?” கொஞ்சம்கூட இல்லையா என்று கேட்டாள்.

“இல்ல.”

இன்னொரு பாட்டில் வந்தது. அதையும் குடித்தேன். எனக்குப் பிறகு வந்தவர்கள் எனக்கு முன்னால் உள்ளே போனார்கள். மதினிக்குப் பொறுக்கவில்லை.

“இன்னுமா வரல?”

“வரல மதினி.”

“வயித்துல என்னத்தா வச்சிருக்க, ஆனயிறங்கல் டேமா? எனக்கே வந்திருச்சு. நான் தண்ணியே குடிக்கல.”

“நீங்க போயிட்டு வாங்க.”

“நான் போறேன். ஆனா ஒனக்கும் சேத்து நான் போக முடியாது பாரு.”

சிரித்தோம். வயிறு தட்டி வைத்த மாவு மூட்டை மாதிரி இருந்தது. கனம் தெரிந்தது. ஆனால் போக வேண்டும் என்ற உணர்வு இல்லை. இதைத்தான் கட்டி என்று நினைத்துக்கொண்டேன். கட்டி தண்ணீரைக்கூட இறங்க விடாமல் அடைக்கிறது, அக்காவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன். மதினியிடம் சொல்லவில்லை.

மூன்றாவது தடவையும் இல்லை என்று சொன்னதும் நர்ஸ் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, “வா சேச்சி, டாக்டர் நோக்கட்டே” என்று கூட்டிக்கொண்டு போனாள். கூட ஒரு ஆள் வரலாம் என்றாள். மதினியும் வந்தாள்.

உள்ளே இருட்டாக இருந்தது. திரை தெரிவதற்காக விளக்கைக் குறைத்து வைப்பார்கள். டாக்டர் பொம்பளை, என் வயது இருக்கும். கண்ணாடி போட்டிருந்தார். சேலையைக் கொஞ்சம் இறக்கி வயிற்றை மட்டும் திறந்தால் போதும் என்றார். மேலே துண்டு போட்டார்கள். சேலை கட்டிப் போனது நல்லதாகப் போயிற்று. வயிற்றில் பசை மாதிரி ஒன்றைப் பிழிந்தார்கள். சில்லென்று இருந்தது. ஊசி இல்லை, கரண்டும் இல்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கருவியை அதன்மேல் வைத்து நகர்த்துகிறார்கள். கொஞ்சம் அழுத்தும். அவ்வளவுதான் வலி. நம் காதுக்குக் கேட்காத சத்தத்தை உள்ளே அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்துப் படம் எடுக்கிறதாம். மூச்சை இழுத்துப் பிடி என்றால் பிடிக்க வேண்டும், திரும்பிப் படு என்றால் படுக்க வேண்டும். வேறு வேலை நமக்கு இல்லை.

மேல்வயிற்றை முதலில் பார்த்தார். ஈரல், கிட்னி என்று நர்ஸிடம் சொல்லிச் சொல்லி எழுத வைத்தார். அடிவயிற்றுக்கு வந்ததும் பேச்சு நின்றது. கருவியை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். திரையில் பெரிதாக, கறுப்பாக, பூசணிக்காய் மாதிரி ஒன்று தெரிந்தது. அது எனக்கே தெரிந்தது. மதினி என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“அதுதானா?” என்றேன்.

டாக்டர் அந்தக் கறுப்பின் மேல் விரலை வைத்தார். “அம்மா, கறுப்பாத் தெரியறது தண்ணி. இது மூத்ரசஞ்சி, மூத்திரப் பையா இருக்கலாம். இல்லைன்னா சினைப்பையில தண்ணிக் கட்டி வளந்து அதை ஒதுக்கிட்டு நிக்கலாம். ரெண்டும் பாக்க ஒண்ணு போலவே இருக்கும். இவ்வளவு பெரிசா இருக்கறப்ப எனக்கு ஓரம் பிடிபடல. போயி முழுசா மூத்ரம் ஒழிச்சிட்டு வாங்க. சுருங்கினா பை. சுருங்கலைன்னா கட்டி.”

“எனக்கு முட்டலையே டாக்டர்.”

“முட்டலைன்னாலும் போங்க.”

கக்கூஸ் பக்கத்திலேயே இருந்தது. உட்கார்ந்தேன். வெளியே ராஜாக்காட்டு அம்மாவின் குரல். யாரோ கதவைத் தட்டினார்கள். ஆள் நிற்கிறது என்று தெரிந்தால் எனக்கு வராது. அத்தனை வருஷக் காட்டுப் பழக்கம். கொஞ்சம் வந்தது, நின்றுவிட்டது. எழுந்து வந்தேன்.

மறுபடி பசை. மறுபடி கருவி. கறுப்பு அப்படியே இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் குறைந்ததா இல்லையா என்று டாக்டரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“முழுசும் போனதா?”

“வந்தது அவ்வளவுதான்.”

டாக்டர் கருவியை எடுத்து வைத்துவிட்டு என் கையைப் பார்த்தார். கொழுந்துக் கறை விரலை விட்டுப் போகாது.

“எஸ்டேட்டா?”

“ஆமா.”

“காலைல காட்டுல தண்ணி குடிப்பீங்களா?”

“மாட்டோம்.”

“இருமினாச் சொட்டுமா?”

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மதினி என்னைப் பார்த்தாள். “சொட்டும்” என்றேன்.

“சரி. இன்னொரு தடவ போங்க. அவசரமே இல்ல. உக்காந்து, முன்னால நல்லாக் குனிஞ்சுக்குங்க. நின்னுட்டா எழுந்திரிக்காதீங்க. கொஞ்ச நேரம் இருந்துட்டு மறுபடி பாருங்க. பைப்பத் திறந்து விட்டுக்குங்க. தட்டறவங்க தட்டட்டும்.”

இந்தத் தடவை மதினி கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே பைப்பைத் திறந்துவிட்டு உட்கார்ந்தேன். சுருங்காவிட்டால் கட்டி என்பது மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மூத்திரம் வர வேண்டும் என்று நான் சாமி கும்பிட்டது அந்த ஒரு தடவைதான். வெளியே யாரோ வந்தார்கள். மதினியின் குரல் கேட்டது.

“இங்கிட்டு இல்லம்மா, மாடிக்குப் போங்க. இதுல ஆள் இருக்கு. ஆமா, இருக்கத்தான் செய்யும். சாயங்காலம் வரைக்கும் இருப்பா. ஒங்களுக்கு என்ன?”

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் உள்ளே ஏதோ விட்ட மாதிரி இருந்தது. வந்தது. நின்றது. எழுந்திருக்கவில்லை. குனிந்துகொண்டே இருந்தேன். மறுபடி வந்தது. மதினி கதவைத் தட்டி, “ஏ புள்ள, பைப்புச் சத்தமா, நீயா?” என்றாள்.

“ரெண்டும்தான்.”

“நல்லாப் போ. ஒரு சொட்டு வைக்காத.”

எழுந்தேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. எத்தனையோ மாசமாக அந்த இடம் அப்படி இருந்ததில்லை. அப்போதும் நான் நம்பிவிடவில்லை. போய்ப் படுத்தேன்.

மதினி மறுபடி என் காலைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் கருவியை வைத்தார். அந்தப் பூசணிக்காய் இல்லை. கறுப்பாக ஒரு எலுமிச்சம்பழம் அளவில் ஒன்று ஓரமாகத் தெரிந்தது. டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார்.

“இது பை. இன்னும் கொஞ்சம் நிக்குது. இதோ இது கர்ப்பப்பை. மாதவிடாய் நின்னதால சுருங்கியிருக்கு, அது சரிதான். சினைப்பை ரெண்டும் சின்னதா இருக்கு. கட்டி ஒண்ணும் இல்ல அம்மா.”

“அப்ப எஸ்டேட் டாக்டர் கைக்குத் தட்டுப்பட்டது?”

“மூத்ரம். நிறைஞ்ச பையை அழுத்தினா அப்படித்தான் இருக்கும். அவர் போயிட்டு வரச் சொல்லலையா?”

“கேட்டாரு. நான் முட்டலைன்னேன்.”

“அதுதான் விஷயம். வருஷக்கணக்கா அடக்கி அடக்கிப் பை தொளதொளன்னு ஆயிருச்சு. நிறைஞ்சாலும் சொல்லாது. போனாலும் பாதி உள்ள நிக்கும். நின்னதுல எரிச்சல் வரும், இருமினா அதுதான் சொட்டும். இன்னும் விட்டிருந்தா கிட்னிக்கு ஏறியிருக்கும். ஒங்களுக்கு ஏறல. கிட்னி நல்லா இருக்கு.”

மதினி என் காலை விட்டாள். பிடித்த இடம் சிவந்திருந்தது. “கட்டி எங்க போச்சு பாத்தியா?” என்றாள். “கக்கூஸ்ல போச்சு.” நர்ஸ் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். டாக்டரும் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. பசையைத் துடைக்கக் கொடுத்த துணியிலேயே அதையும் துடைத்துக்கொண்டேன்.

ஸ்கேன் எடுக்கிற டாக்டர்கள் எல்லோரும் இப்படி வாயால் சொல்வதில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். சிலர் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அனுப்பிய டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். முகத்தைப் பார்த்து நாமாக எதையும் நினைத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் பேசாமல் இருந்தால் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும்தான் அர்த்தம். எனக்கு அன்று இது தெரிந்திருந்தால் அந்தக் கொஞ்ச நேரத்தில் அக்காவை அத்தனை தடவை நினைத்திருக்க மாட்டேன்.

வெளியே வந்து ஒரு ஓட்டலில் புட்டும் கடலையும் சாப்பிட்டோம். நான் இரண்டு தடவை வாங்கினேன்.

வீட்டுக்காரர் பேக்டரியிலிருந்து வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

“கட்டி இல்ல” என்றேன்.

“அப்பறம் என்னதாம்?”

“மூத்திரம்.”

“அதைப் போறதுக்கா அடிமாலி வரைக்கும் போன?” என்றார். பிறகு உள்ளே வந்து, பேண்டைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து, சோறு போடு என்றார். நிறையச் சாப்பிட்டார்.

டிஸ்பென்சரி டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். சொட்டுவதையும் இந்தத் தடவை சொன்னேன். முகத்தைச் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தம் எடுத்தார், இல்லை. எரிச்சலுக்கு மாத்திரை தந்தார். “முட்டுதான்னு நான் இனிக் கேக்க மாட்டேன். போயிட்டு வந்துதான் படுக்கணும்னு சொல்லிருவேன்” என்றார். எனக்கு விதித்தது இதுதான். தண்ணீர் குடிக்க வேண்டும். முட்டினாலும் முட்டாவிட்டாலும் நேரம் பார்த்துப் போக வேண்டும். போனால் குனிந்து, இரண்டு தடவையாகப் போக வேண்டும்.

லயத்தில் எப்படியாவது போய்விடலாம். காட்டில் எப்படி? சூப்பர்வைசர் எங்கள் லயத்துப் பையன்தான். அவனிடம் சொல்ல நான் தயங்கினேன். மதினி சத்தமாகச் சொன்னாள்.

“தம்பி, பத்து மணிக்கு இவ மூத்திரம் போகணும். டாக்டர் எழுதியிருக்காரு.”

அவன் காதுவரை சிவந்துவிட்டான். “அதுக்கு ஏன்க்கா என்கிட்டச் சொல்றீங்க?”

“நீ அந்தப் பக்கம் திரும்பி நிக்கணும்ல. அதுக்குத்தான்.”

அன்று மதினியும் இன்னொருத்தியும் தங்கள் பிளாஸ்டிக் தாளை அவிழ்த்து இரண்டு சவுக்கு மரத்துக்கு நடுவே பிடித்தார்கள். போனேன். முதல் நாள் எல்லோரும் கேலி செய்தார்கள். ‘மகாராணி போறா, குடை பிடிங்க’ என்றாள் ஒருத்தி. மறுநாள் அவளே பின்னால் வந்து நின்றாள். அந்த வாரத்துக்குள் மரத்தில் கயிறு கட்டித் தாளை நிரந்தரமாகத் தொங்கவிட்டோம். காடு மாறும்போது தாளும் கூட வருகிறது. கழுத்தில் எல்லோரும் தண்ணீர் பாட்டில் மாட்டியிருக்கிறார்கள். ஆபீஸில் கேட்டால் சரியான கக்கூஸ் கட்டித் தரலாம் என்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மழை நின்ற பிறகு மறுபடி ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். போனோம். இந்தத் தடவை கட்டன் குடிக்கவில்லை. ஒரு பாட்டில்கூட முடியவில்லை, முட்டுது என்று பாதியிலேயே நர்ஸைத் தேடிப் போனேன். போவதற்கு முன் ஒரு படம், போய்விட்டு வந்து ஒரு படம். உள்ளே கிட்டத்தட்ட ஒன்றும் நிற்கவில்லை என்றார் அந்த டாக்டர் அம்மா. கட்டியும் இல்லை, புதிதாக எதுவும் இல்லை. இனி வர வேண்டாம், தண்ணீரை விட்டுவிடாதீர்கள் என்றார்.

வயிற்றைத் துடைத்துக்கொண்டு இறங்கினேன். அப்போது மதினி, “டாக்டரம்மா” என்றாள். குரல் சின்னதாக இருந்தது. அவளுக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்று எனக்குத் தெரியாது. “எனக்கும் இருமுனாச் சொட்டுது. இவளக் கூட்டிட்டு வந்த அன்னைக்கே சொல்லணும்னு பாத்தேன்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “அன்னைக்கு ஏன் சொல்லல?”

“அன்னைக்கு இவளுக்குக் கட்டியா இல்லையான்னு தெரியல. எனக்கு அது தெரிஞ்சாப் போதும்னு இருந்துச்சு.”

ஊர் டாக்டரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு வெறும் வயிற்றோடு வாருங்கள் என்றார் டாக்டர். அடுத்த வாரம் மதினிக்குப் பேர் எழுதிவிட்டு வெளியே வந்தோம். பஸ் வர நேரம் இருந்தது. ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் இரண்டு பேரும் இளநீர் குடித்தோம்.